வெயிலுக்குப் பதிலாக

பெட்டியில் ஒரு பள்ளம் காலியாக இருந்தது.

செல்லமுத்து மறுபடி குனிந்து பார்த்தான். ஏசி டக்டுக்குள்ளிருந்து கழற்றிய பழைய யூவி டியூப்புகளை, புதுசு வந்த அட்டைப் பெட்டியிலேயே அடுக்கித் திருப்பி அனுப்ப வேண்டும். உள்ளே பாதரசம் இருப்பதால் குப்பையில் போடக் கூடாது. ஒவ்வொரு டியூப்புக்கும் அட்டையில் ஒரு பள்ளம் உண்டு. நேற்று சாயங்காலம் அவனும் ஜெரால்டும் சேர்ந்து அடுக்கியபோது எல்லாம் நிறைந்திருந்தது. இப்போது ஓரத்தில் ஒன்றைக் காணோம். கழற்றிப் போட்ட சோக்குகளிலும் ஒன்று குறைந்தது.

“திருட்டுப் பய,” என்று சிரித்துக்கொண்டான். ஜெரால்டைத்தான் சொன்னான்.

புதுக்கோட்டையில் அது பெரிய தனியார் ஆஸ்பத்திரி. மொட்டைமாடித் தகரக் கொட்டகைக்குள் காற்றைக் குளிர வைத்துத் தள்ளுகிற மெஷின் நிற்கிறது. அதிலிருந்து தகர டக்டுகள் கிளம்பி ஆபரேஷன் தியேட்டருக்கும் வார்டுகளுக்கும் இறங்குகின்றன. மெஷினுக்குள், ஈரம் சொட்டும் குளிர்க்குழாய்களுக்கு எதிரே இந்த டியூப்புகளை வரிசையாக மாட்டியிருப்பார்கள். எரியும்போது பார்க்க நீலமாக இருக்கும். அந்த வெளிச்சத்தைத் தாண்டிப் போகிற காற்றில் கிருமி சாகும். வருசத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். பழசும் எரியத்தான் செய்யும். வீரியம் குறைந்திருக்கும் என்பார்கள். எரிகிற லைட்டைக் கழற்றி எறிவது, கல்குவாரியில் ஜல்லி சுமந்து வளர்ந்த செல்லமுத்துவுக்கே மனசு கேட்காத காரியம். ஜெரால்டு வேலைக்குச் சேர்ந்து சில மாதம்தான் ஆகிறது. அதற்கு முன் சென்ட்ரிங் பலகை அடித்துக்கொண்டிருந்தவன். அவனுக்கு எப்படிக் கேட்கும்?

ஸ்டாருக்கு எடுத்திருப்பான் என்று தோன்றியது. ஜெரால்டின் பெண்டாட்டி அன்புமொழி முதல் பிரசவத்துக்கு ஆவூரில் ஆத்தா வீட்டுக்குப் போயிருந்தாள். ஆண் பிள்ளை பிறந்து ஒரு வாரம் இருக்கும். இன்றைக்கு லீவு சொல்லிவிட்டு ஜெரால்டு அங்கேதான் போயிருந்தான். கிறிஸ்துமஸ் வருகிறது. மாமியார் வீட்டு வாசலில் நீல ஸ்டார் எரியவிட்டுப் பவுசு காட்ட நினைத்திருப்பான்.

போன் போட்டான். சுவிட்ச் ஆஃப். மழை நாளில் கரண்டு இல்லாமல் சார்ஜ் இறங்கியிருக்கும். சரி, நாளைக்கு வரட்டும் என்று டீ குடிக்கக் கீழே இறங்கினான்.

பிள்ளைகள் வார்டு வாசலில் நர்ஸ் திலகவதி எதிரே வந்தாள். டக்ட் வேலைக்கு அடிக்கடி வருவதால் பழக்கம்.

“அண்ணே, உங்க கூட்டாளி பிள்ளைக்கு மஞ்சள் எறங்கிருச்சா?”

“எந்த மஞ்சள் சிஸ்டர்?”

“காமாலைண்ணே. பொறந்த பிள்ளைங்களுக்கு வருமில்ல, அது. நேத்து இந்தக் கண்ணாடி கிட்டயே ரொம்ப நேரம் நின்னாரு. லைட்டு எவ்ளோ ஒசரத்துல இருக்கணும், எவ்ளோ நேரம் வைக்கணும், கண்ணைக் கட்டணுமான்னு ஒண்ணு ஒண்ணா கேட்டாரு. எங்க ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வரப்போறாருன்னு நெனச்சேன்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“ஒரு முழ ஒசரம் இருக்கும், கண்ணுல துணி வச்சுக் கட்டிருவோம்னு சொன்னேன். ஏண்ணே?”

செல்லமுத்து கண்ணாடிக்குள் பார்த்தான். தொட்டில் மாதிரி ஒரு பெட்டி. அதற்குள் இடுப்புத் துணியோடு ஒரு பிள்ளை. கண்ணில் வெள்ளைக் கட்டு. மேலே இருந்து நீல வெளிச்சம் வழிந்துகொண்டிருந்தது. மாடியில் மெஷின் கதவைத் திறந்தால் தெரிகிற அதே நீலம்.

அதே நீலம்தான். ஆனால் மாடியில் எரிகிறது ஆளைச் சுடுகிற லைட்டு. அது செல்லமுத்துவுக்குத் தெரியும். ஜெரால்டுக்கு யாரும் சொல்லவில்லை.

சொல்லவில்லை என்பது மட்டுமில்லை. செல்லமுத்துவே மாற்றிச் சொல்லியிருந்தான். மெஷின் கதவைத் திறந்தால் லைட்டு தானாக அணைந்துவிட வேண்டும். அதற்காகக் கதவில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. எரிகிறதா என்று பார்க்க அந்த சுவிட்சில் அட்டையைச் செருகி டேப் ஒட்டிவிட்டு வேலை பார்ப்பார்கள். அப்போது யாராவது எட்டிப் பார்த்துக் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று காண்டிராக்டர் கோபிநாத் பழக்கி வைத்திருந்தார். “கிருமிய மட்டும்தான் கொல்லும். மனுசனுக்கு ஒண்ணும் செய்யாது.” போன வாரம்கூட ஆஸ்பத்திரி மேனேஜரம்மா மாடிக்கு வந்து பயந்து கேட்டபோது செல்லமுத்து அதைத்தான் ஒப்பித்தான். ஏணியைப் பிடித்துக்கொண்டு ஜெரால்டு பக்கத்தில் நின்றான்.

மீமிசலில் ஒரு இறால் கம்பெனியில் முதல் தடவை டியூப் மாட்டியபோது செல்லமுத்து அதைச் சும்மா பார்த்துக்கொண்டே வேலை செய்தான். ராத்திரி கண்ணுக்குள் மணலைக் கொட்டித் தேய்த்த மாதிரி இருந்தது. முகத்தோல் உரிந்தது. ரெண்டு நாள் இருட்டு ரூமில் கிடந்தான். ஜெரால்டிடம், “லைட்டைப் பாக்காத மாப்ள,” என்று மட்டும் சொல்லியிருந்தான். ஏன் என்று சொல்லவில்லை. சொன்னால் அட்டை செருகிய கதவுக்குப் பக்கத்தில் எவன் நிற்பான்?

“என்னண்ணே, மூஞ்சி ஒரு மாதிரி ஆயிருச்சு?” என்றாள் திலகவதி.

“வாரேன் சிஸ்டர்.”

படியில் இறங்கும்போதே மறுபடி போன் போட்டான். சுவிட்ச் ஆஃப். அன்புமொழி நம்பர் அவனிடம் இல்லை.

மழைக் கோட்டைப் பொத்தான் போடாமலே வண்டியை எடுத்தான். பத்து நாளாக வானம் விடவில்லை. ஹெல்மெட் கண்ணாடியை மூடினால் ஆவி பிடித்தது; திறந்தால் மழை கண்ணில் அறைந்தது. திறந்தே ஓட்டினான். ஸ்டாருக்காகவும் இருக்கலாம் என்று ஒரு மனசு சொன்னது. அப்புறம் எதற்கு ஒரு முழம் கணக்குக் கேட்டான்? பிள்ளைக்குக் காமாலை என்று என்னிடம் ஏன் சொல்லவில்லை? மூணு நாளைக்கு முன்னால் அவன், “பய கொஞ்சம் மஞ்சளா இருக்கான் மாப்ள,” என்று சொன்னதும், தான், “ஒன்னைய மாதிரி கருப்பா இல்லாம இருந்தாச் சரி,” என்று சிரித்ததும் கீரனூர் தாண்டும்போது ஞாபகம் வந்தது.

கீரனூருக்கு அந்தப் பக்கம் ஒரு கண்மாய் மறுகால் பாய்ந்து ரோட்டில் தண்ணீர் ஓடியது. அங்கிட்டும் இங்கிட்டும் வண்டிகள் நின்றன. பால்கேன் கட்டிய ஒரு பெரியவர், “கொஞ்சம் வடியட்டும் தம்பி, சைலன்சருக்குள்ள போயிரும்,” என்றார். அந்த நேரம் போன் அடித்தது. ஜெரால்டு என்று பதறி எடுத்தான். கோபிநாத்.

“பெட்டி கட்டியாச்சா? லாரி ஆபீஸ்ல கேக்குறான்.”

“சார், ஒரு டியூப்ப ஜெரால்டு எடுத்துட்டுப் போயிட்டான். காமாலைக்குன்னு பச்சப்பிள்ளைக்கு வச்சிருப்பானோன்னு பயமா இருக்கு. ஆவூர் போயிக்கிட்டிருக்கேன்.”

கோபிநாத் குரலைத் தாழ்த்தினார்.

“யோவ்... வச்சுட்டானா, இல்லையா?”

“தெரியல சார்.”

“வச்சிருந்தா இங்கேருந்து எடுத்ததுன்னு எங்கயும் வரக் கூடாது. டியூப் ஒடஞ்சுபோச்சு, அவ்ளோதான். டாக்டர் கேட்டா வெயில்ல காட்டுனோம்னு சொல்லச் சொல்லு.”

“எந்த வெயில்ல சார்? பத்து நாளா மழை பேயுது.”

“கேக்குறவன் வானத்தைப் பாத்துக்கிட்டா கேப்பான்? இந்த ஆஸ்பத்திரி போச்சுன்னா நாலு ஆஸ்பத்திரி போகும். ஒனக்கும் சேத்துத்தான் சொல்றேன்.”

செல்லமுத்து போனைப் பைக்குள் போட்டான். வண்டியை முதல் கியரில் வைத்துத் தண்ணீருக்குள் இறக்கினான். “சொன்னா கேக்குறானா பாரு,” என்று பால்காரர் பின்னால் சத்தம் போட்டது கேட்டது. முழங்கால் வரை தண்ணீர் இழுத்தது. நடுவில் வண்டி உறுமி உறுமி நின்றது. இறங்கித் தள்ளினான். கரையேறியபின் கிக்கரை உதைத்து உதைத்துக் கால் வலித்தது. ஒருவழியாகப் புகை கக்கிக்கொண்டு கிளம்பியது.

ஆவூரில் கோயில் தெருவில் அன்புமொழி வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. வாசலில் ஜெரால்டு வண்டி நின்றது. ஸ்டார் இல்லை.

“அட மாப்ள!” என்று ஜெரால்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தான். “கோழி அடிச்ச வாசம் புதுக்கோட்டை வரைக்கும் வந்துருச்சா? அத்தே, இன்னொரு தட்டு வைங்க.”

“டியூப் எங்கடா?”

ஜெரால்டு அசடு வழிந்தான். “கண்டுபிடிச்சுட்டியா? சும்மா தூக்கிப் போடுறதுதானே. உள்ள வா, நம்ம கைவேலையப் பாரு.”

முன்னறையில் ரெண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் எதிரெதிரே நின்றன. அவற்றின் முதுகுக்கு மேலே ஒரு பலகை. பலகையின் அடியில் டக்ட் வேலைக்கு வைத்திருக்கும் பிளாஸ்டிக் கட்டுவாரால் டியூப் இறுக்கிக் கட்டியிருந்தது. ஒயரை நல்ல நேர்த்தியாக டேப் சுற்றிச் சோக்குக்குக் கொண்டுபோயிருந்தான். கீழே ஒரு மூங்கில் கூடை, அதில் மடித்த சேலை. லைட்டு எரியவில்லை.

“போட்டியா?”

“பின்ன? டாக்டரு என்ன சொன்னாரு, காலை வெயில்ல காட்டுங்க, அளவு கூடுனா லைட்டுல வைக்கணும்னு சொன்னாரு. வெயிலு எங்க இருக்கு? எம்புள்ளைக்காக சூரியனா எறங்கி வரும்? அதான் காலையில கொஞ்ச நேரம், மத்தியானம் கொஞ்ச நேரம் போட்டேன். இந்தா, இப்ப இன்னொருக்கா போடலாம்னு...”

“தொடாத!”

செல்லமுத்து பிளக்கைப் பிடுங்கிய வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. டியூப் தரையில் விழுந்து சிதறியது. அடுப்படியிலிருந்து மாமியார் செல்வராணி ஓடி வந்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

“என்ன தம்பி, என்ன ஒடஞ்சுச்சு? ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. வெறகு ஈரம், புகை கண்ணைக் கரிக்குது.”

“யாரும் இங்கிட்டு வராதீங்க. கதவு ஜன்னலைத் தொறங்க. பிள்ளை எங்க?”

அன்புமொழி உள்ளறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பிள்ளை தூங்கியது. செல்லமுத்துவைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

“வாங்கண்ணே. பாருங்க, மஞ்சள் எறங்கிருச்சு. எப்படிச் செவந்து வந்துட்டான் பாருங்க. ரத்தம் குத்திப் பாக்க நாளைக்கு வரச் சொன்னாங்க. இனி எதுக்கு அந்தப் பச்ச மண்ணுக்கு ஊசின்னு அம்மா சொல்லுது.”

பிள்ளையின் நெஞ்சும் வயிறும் தொடையும் சிவந்திருந்தன. ரோஜாச் சிவப்பு. தெரியாதவர்கள் பார்த்தால் கண்ணு பட்டுவிடும் என்பார்கள். செல்லமுத்து இடுப்புத் துணியை விரலால் கொஞ்சம் இறக்கினான். கோடு கிழித்த மாதிரி ஒரு எல்லை. துணிக்கு மேலே சிவப்பு. துணி மறைத்திருந்த இடம் மஞ்சள். அரைத்த மஞ்சளைப் பூசிக் கழுவிய மாதிரி மஞ்சள். கண்ணைக் கட்டியிருந்த இடத்திலும் நெற்றிக்குக் குறுக்கே மஞ்சள் பட்டை ஓடியது.

அன்புமொழி அந்த எல்லையைப் பார்த்தாள். துணியை இன்னும் இறக்கினாள். பிறகு புருசனைப் பார்த்தாள்.

“மஞ்சள் எறங்கல. தோலு வெந்து அதை மறைச்சிருக்கு,” என்றான் செல்லமுத்து. “இது காமாலை லைட்டு இல்லம்மா. இது வேற. கிளம்புங்க.”

“வேறன்னா?” ஜெரால்டு குரல் கிழிந்தது. “வேறன்னா என்னடா? நீதான சொன்ன! அந்த மேனேஜரம்மா கேட்டப்ப எம்முன்னாடி நின்னு சொன்ன. மனுசனுக்கு ஒண்ணும் செய்யாதுன்னு. எங்காதால கேட்டேன்.”

“சொல்லச் சொன்னாங்க. சொன்னேன்.”

“அப்ப ஒனக்குத் தெரியும்?”

செல்லமுத்து பதில் சொல்வதற்குள் ஜெரால்டு அவன் சட்டையைப் பிடித்துச் சுவரில் சாத்தினான். ஈரக் கோட்டு வழுக்கியது. “தெரியும், வாய மூடிக்கிட்டு இருந்திருக்க. நான் அந்தக் கதவுக்குள்ள தலைய விட்டுக்கிட்டு நிக்கிறேன், நீ பாத்துக்கிட்டு இருந்திருக்க.”

“அடிக்கிறதா இருந்தா அப்பறம் அடி. இப்ப வண்டி புடி.”

“சண்டைய அங்கிட்டுப் போயிப் போடுங்க ரெண்டு பேரும்,” என்றாள் அன்புமொழி. சத்தம் போடாமல்தான் சொன்னாள். “எம்புள்ள கண்ணுக்கு என்ன ஆகும்? அதை மட்டும் சொல்லுங்க.”

“கட்டு நழுவுச்சா?”

“மத்தியானம் ஒருக்கா நழுவுச்சு. ஒடனே சரி பண்ணிட்டேன்.” யோசித்தாள். “ஒடனேதான்.”

“நீங்க எங்க இருந்தீங்க?”

“பக்கத்துலதான். கையக் கால ஆட்டுறானான்னு குனிஞ்சு பாத்துக்கிட்டே இருந்தேன். அம்மாவும் இருந்துச்சு.”

செல்வராணி கதவைப் பிடித்தபடி கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள். அது விறகுப் புகை இல்லை என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

பக்கத்து வீட்டுக் காரில் போனார்கள். மறுகால் ஓடும் பாதையை விட்டு மேற்கே சுற்றிப் போக வேண்டியிருந்தது. டிரைவருக்குப் பக்கத்தில் செல்லமுத்து. பின்னால் அன்புமொழியும் ஜெரால்டும். பிள்ளை முழித்துக்கொண்டு அழ ஆரம்பித்தது. சேலை உரசினால் அழுதது, உரசாவிட்டாலும் அழுதது. பால் கொடுத்தாள், குடிக்காமல் திமிறியது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. செல்லமுத்துவின் பைக்குள் போன் அடித்து நின்றது, மறுபடி அடித்தது. வேகத்தடை வரும்போதெல்லாம், “மெதுவா, மெதுவா,” என்றாள் அன்புமொழி. தடை தாண்டியதும், “வெரசா போங்கண்ணே,” என்றாள்.

டியூப் மாற்றிய ஆஸ்பத்திரி இல்லை, பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரிக்கே வந்தார்கள். பகல் வெளிச்சம் இன்னும் கொஞ்சம் இருந்தது. பிள்ளைகள் டாக்டர் ஒரு சின்ன வயசுப் பெண். துணியை விலக்கியதும் நெற்றியைச் சுருக்கினார்.

“என்ன இது? வெயில்ல ரொம்ப நேரம் போட்டுட்டீங்களா?”

தப்பிக்க ஒரு கதவு தானாகத் திறந்த மாதிரி இருந்தது. ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும். ஜெரால்டு செல்லமுத்துவைப் பார்த்தான். அவன் திருடி எடுத்த டியூப் அது. பயம் அவனுக்கும் இருந்தது. செல்லமுத்துவின் தொடையில் கோபிநாத்தின் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. ஆமாம் என்றால் அந்த டாக்டரம்மா வெயில் புண்ணுக்கு மருந்து எழுதிக் கொடுப்பார். கண்ணைப் பார்ப்பாரா?

“வெயில் இல்லைங்க,” என்றான் செல்லமுத்து. “ஏசி டக்டுக்குள்ள கிருமியக் கொல்ல மாட்டுற யூவி டியூப். காலையில ஒருக்கா, மத்தியானம் ஒருக்கா. ஒரு முழ ஒசரத்துல.”

டாக்டர் அவனையே பார்த்தார். பிறகு ஜெரால்டைப் பார்த்துக் கத்தினார். “பச்சைக் குழந்தைங்க இது! கொஞ்சமாவது அறிவு வேணாமா?”

“அவனைச் சொல்லாதீங்க. அவனுக்குத் தெரியாது. ஒண்ணும் செய்யாதுன்னு அவன்கிட்டச் சொன்ன ஆளு நான்.”

“நீங்க யாரு?”

“அந்த டியூப்ப மாட்டுறவன்.”

டாக்டருக்கு அவனைத் திட்ட நேரம் இல்லை. குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். கண் டாக்டருக்குப் போன் போட்டு வரச் சொன்னார்கள். தோலுக்கு ஏதோ தடவினார்கள். தோல் உரியும், ஆறிவிடும் என்றார். கண்ணைப் பற்றிக் கண் டாக்டர் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார். ரத்த ரிசல்ட் வந்தது. மஞ்சள் அளவு போன தடவையைவிட ஏறியிருந்தது.

“உடனே லைட்டுல வைக்கணும். தள்ளிப்போட்டா மூளைக்கு ஆபத்து.”

உள்ளே கொண்டுபோனார்கள். நர்ஸ் சுவிட்சைப் போட்டாள். தொட்டிலுக்கு மேலே நீலம் எரிந்தது.

அன்புமொழி பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துப் பின்னால் நகர்ந்தாள்.

“வேணாம்.”

“அம்மா, இதுதான் காமாலைக்கு வைக்கிறது,” என்றாள் நர்ஸ். “தினம் எத்தனை பிள்ளைங்களுக்கு வைக்கிறோம். பயப்படாதீங்க.”

“அதே நீலம். நான் வைக்க மாட்டேன்.”

டாக்டர் வந்து சொன்னார். இதில் அந்தக் கதிர் இல்லை, இது வெறும் நீல வெளிச்சம், தோலைச் சுடாது, உள்ளே இருக்கிற மஞ்சளைக் கரைத்து வெளியேற்றும். அன்புமொழி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள், பிள்ளையைக் கொடுக்கவில்லை. “குடு அன்பு,” என்று ஜெரால்டு கையை நீட்டினான். “நீ தொடாத,” என்றாள். அவன் கை அப்படியே நின்று, கீழே இறங்கியது.

அவள் கண் ரெண்டும் சிவந்து வீங்க ஆரம்பித்திருந்தன. இமையைத் திறக்கத் திறக்கத் தண்ணீர் கொட்டியது. அந்தக் கண்ணோடு செல்லமுத்து நிற்கிற பக்கம் திரும்பினாள்.

“அண்ணே. இது வேற, அது வேறன்னு ஒங்களுக்குத் தெரியுமா? இல்ல, இவுங்க சொல்றதைக் கேட்டுட்டுச் சொல்லுவீங்களா?”

தெரியும் என்று சொல்லிவிடலாம். சொன்னால் கொடுத்துவிடுவாள். பிள்ளைக்கு நல்லதுதான்.

“டக்ட் லைட்டு மட்டும்தாம்மா எனக்குத் தெரியும்,” என்றான். “இதைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. டாக்டரம்மாவுக்குத்தான் தெரியும். எனக்குப் பிள்ளை இருந்து, இப்படி ஆயிருந்தா, நான் வச்சிருவேன்.”

பிள்ளை தேம்பியது. அவள் அதன் தலையைத் தடவினாள். விரல் அந்த மஞ்சள் பட்டையைத் தேடித் தொட்டது. கடைசியில் டாக்டரிடம் கொடுக்காமல், நர்ஸிடம் கொடுக்காமல், தானே தொட்டிலில் கிடத்தினாள். கண்கட்டையும் தானே கட்டினாள். ரெண்டு தடவை இழுத்துப் பார்த்தாள்.

“என்னால கண்ணத் தொறக்க முடியலண்ணே. மணலா இருக்கு. நீங்க நில்லுங்க. கண்ணை எடுக்காமப் பாருங்க. செவந்துச்சுன்னா யாரையும் கேக்க வேணாம், தூக்கிருங்க.”

“சரிம்மா.”

அவளைக் கண்ணுக்கு மருந்து போடக் கூட்டிப்போனார்கள். ஜெரால்டு அவள் பின்னால் கொஞ்சம் தள்ளியே நடந்தான். போகும்போது செல்லமுத்துவின் பக்கம் திரும்பவில்லை.

செல்லமுத்து தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்றான். நாற்காலி இருந்தது, உட்காரவில்லை. ஈரச் சட்டையில் ஏசிக் காற்று அடித்து உடம்பு நடுங்கியது. பிள்ளையின் நெஞ்சு ஏறி இறங்கியது. அவன் குனிந்து அந்த எல்லையைத் தேடினான். நீல வெளிச்சத்தில் பிள்ளை முழுக்க ஒரே நிறமாக இருந்தது. சிவப்பும் தெரியவில்லை, மஞ்சளும் தெரியவில்லை.

“சிஸ்டர், லைட்ட ஒரு தடவை அணைச்சுக் காட்டுங்க.”

“இப்பத்தானண்ணே போட்டேன்.”

“ஒரே ஒரு தடவை. அந்தப் பொண்ணுகிட்ட நான் பாத்துச் சொல்லணும்.”

நர்ஸ் முறைத்துக்கொண்டே வந்து அணைத்தாள். அவன் இன்னும் கிட்டக் குனிந்தான்.